நாற்பத்திரண்டு டிகிரி

ஹெப்பால், பெங்களூர்
10 ஜூன் 2024

டைட்டஸ்,

போன் பண்ணாதீர்கள். நேற்று சாயங்காலத்திலிருந்து இருபத்திமூன்று முறை அடித்திருக்கிறீர்கள். பேசினால் நீங்கள் பேச்சை மாற்றுவீர்கள், நான் அழுவேன், அதோடு முடிந்துவிடும். சொல்ல வேண்டியதைக் காகிதத்தில் எழுதி, மேலே இருக்கும் பி.ஜி. விடுதி விலாசத்துக்குத் தபாலில் அனுப்புங்கள். எழுதிய பிறகு "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்று சொல்ல முடியாது.

நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது, காரணமே தெரியவில்லை என்று அத்தையிடம் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். காரணம் இதுதான். சர்ச் முடிந்து வெளியே வந்தபோது உங்கள் ஃபவுண்டரி டென்னிஸ் என்னிடம் பேசினார்.

"உங்க வீட்டுக்காரர் இல்லைன்னா எங்க ஷிப்ட்டே நாறிப்போயிருக்கும் சிஸ்டர். பிப்ரவரிலேருந்து ஃபர்னஸை உட்டு நகரலியே மனுசன்."

"அவரு டிஸ்பாட்ச்சுல இல்ல கீறாரு?" என்றேன், சிரித்துக்கொண்டே.

"டிஸ்பாட்ச்சா? இன்னா சிஸ்டர், தெரியாத மாதிரி கேக்கறீங்க" என்று அவரும் சிரித்தார்.

ஜனவரியில் டாக்டர் நம் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னதை மறந்துவிட்டீர்களா? உருகிய அலுமினியத்துக்கு முன்னால் தினம் எட்டு மணி நேரம் நிற்கிறவருக்கு விந்தணு குறைவாகவும் பழுதாகவும் இருப்பதில் ஆச்சரியமில்லை என்றார். ஓர் அணு உருவாகி வெளியே வர இரண்டரை மாதம் ஆகும், அதனால் அவ்வளவு நாளும் சூட்டுப் பக்கமே போகக்கூடாது, அதற்குப் பிறகுதான் சாம்பிள் என்றார். கம்பெனியில் கொடுக்க ஒரு கடிதமும் எழுதித் தந்தார். பிப்ரவரி முதல் தேதி நீங்கள் வீட்டுக்கு வந்து, "மாத்திட்டாங்க எலைன், இனிமே பெட்டி எண்றதுதான் என் வேலை" என்றீர்கள். நான் கேசரி கிண்டினேன்.

ஏப்ரல் 22ஆம் தேதி நீங்கள் கொடுத்த சாம்பிளிலிருந்து ஒரே ஓர் அணுவை ஊசியால் எடுத்து என் முட்டைக்குள் செலுத்தினார்கள். கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்து என் வயிற்றில் தங்கியிருப்பது அதுதான். இன்றைக்கு ஒன்பது வாரம்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. எத்தனை நாள் ஃபர்னஸில் நின்றீர்கள்?

எலைன்


சாம்பியன் ரீப்ஸ்
15 ஜூன் 2024

அன்புள்ள எலைனுக்கு,

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. கடைசியாக எழுதியது லீவு லெட்டர். இதற்குள் மூன்று தாளைக் கிழித்துப் போட்டாயிற்று.

நீ சாப்பிடுகிறாயா? அந்த பி.ஜி. சாப்பாடு உனக்கு ஒத்துக்கொள்ளாது. அம்மா ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறார்கள். எப்படி அனுப்புவது என்று கேட்கிறார்கள்.

டென்னிஸ் எதையும் பெரிதாக்கிப் பேசுகிறவன். ரோனி லீவில் போன நாட்களில் மட்டும் நான் ஃபர்னஸில் நின்றேன். பத்து, பதினைந்து நாள் இருக்கும். அதையும் உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். தப்புதான். ஆனால் அதற்காக இந்த நிலைமையில் வீட்டை விட்டுப் போவதா? ரயிலில் இரண்டு மணி நேரம் நின்றுகொண்டு போயிருக்கிறாய்.

இன்னொன்று. அப்பா சாம்பியன் ரீப் தங்கச் சுரங்கத்தில் அடி லெவலில் வேலை செய்தவர். அங்கே பாறையைத் தொட்டால் கை சுடும் என்பார். மேலே வந்து கேஜ் லிப்டிலிருந்து இறங்கியதும் சட்டையைக் கழற்றிப் பிழிவார்களாம். அவருக்கு நானும் ஷோபாவும் பிறக்கவில்லையா? எங்கள் குடியிருப்பு லைனில் வீட்டுக்கு நாலு பிள்ளை, ஐந்து பிள்ளை. எல்லாம் அந்தச் சூட்டில் வேலை செய்தவர்களுக்குப் பிறந்தவைதான். டாக்டர்கள் ஒன்று சொன்னால் நாம் நூறு நினைத்துக்கொள்கிறோம்.

வந்துவிடு எலைன். ஞாயிற்றுக்கிழமை நானே வந்து கூட்டிக்கொண்டு வரட்டுமா?

டைட்டஸ்


ஹெப்பால்
20 ஜூன் 2024

டைட்டஸ்,

வராதீர்கள். வந்தால் கீழே இறங்க மாட்டேன்.

பத்து, பதினைந்து என்று எழுதியிருக்கிறீர்கள். நான் எண்ணைக் கேட்டேன்.

நானும் உங்களிடம் ஒன்றை மறைத்தேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இங்கே லேபில் எலிகளுக்கு டெஸ்ட் டியூப் முறையில் கருவுண்டாக்குவது என் வேலை என்பது உங்களுக்குத் தெரியும். இந்த வருடம் லதா மேடம் தொடங்கிய ஆராய்ச்சி எதைப் பற்றியது என்று நான் வீட்டில் சொல்லவில்லை. உங்கள் மனது நோகும் என்று பயந்தேன். அது சூட்டைப் பற்றியது.

ஆண் எலிக்கு மயக்க மருந்து கொடுத்து, இடுப்புக்குக் கீழே மட்டும் தண்ணீரில் படும்படி பிடிப்பேன். தண்ணீர் நாற்பத்திரண்டு டிகிரி. கையை விட்டால் நமக்குக் குளிக்க இதமான வெந்நீர்தான். அரை மணி நேரம், ஒரே ஒரு தடவை. துடைத்துக் கூண்டில் விட்டால் பத்து நிமிஷத்தில் எழுந்து ஓடும், தின்னும், சண்டை போடும். எந்த வித்தியாசமும் தெரியாது. அதுதான் எனக்கு பயம். மூன்று வாரம் கழித்து அதன் விந்தணுவை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தால் பாதி அசையாமல் கிடக்கும். நீந்துகிற பாதியில் நல்லதாகத் தெரிவதை ஊசியில் எடுத்து முட்டைக்குள் செலுத்துவேன். மறுநாள் கரு இரண்டாகப் பிரிந்திருக்கும். நானும் சந்தோஷமாக நோட்டில் எழுதுவேன். அதற்கு மறுநாள் நாலு. அப்புறம் பல கருக்கள் அப்படியே நின்றுவிடும். மேலே இருந்து பார்த்தால் கண்ணாடிபோல் அழகாக இருக்கும். ஆனால் வளராது.

வாலும் தலையும் சரியாக இருக்கும் அணுவுக்குள் என்ன உடைந்திருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது டைட்டஸ். எனக்கும் தெரியாது, நம்முடையதை ஊசியில் எடுத்தவருக்கும் தெரிந்திருக்காது. தானாக நீந்திப் போய் முட்டையை அடைய முடியாத ஒன்றைக்கூட நாங்கள் ஊசியால் உள்ளே கொண்டுபோய் விட்டுவிடுகிறோம்.

போன செவ்வாய்க்கிழமை ஒரு தட்டில் பதினாறு கரு வைத்திருந்தேன். பதினொன்று நின்றுவிட்டன. அந்தத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு பாத்ரூமுக்கு ஓடினேன். வாந்தி என்று பக்கத்தில் இருந்தவள் நினைத்துக்கொண்டாள். நான் ரத்தம் போகிறதா என்று பார்க்கப் போனேன். ஒரு நாளைக்கு எட்டுப் பத்துத் தடவை போய்ப் பார்க்கிறேன்.

அந்த எலிக்கு அரை மணி நேரம். உங்களுக்கு எவ்வளவு?

எலைன்


சாம்பியன் ரீப்ஸ்
27 ஜூன் 2024

எலைன்,

ஆபீஸில் அட்டெண்டன்ஸ் கேட்டு வாங்கி எண்ணிப் பார்த்தேன். பிப்ரவரி முதல் தேதியிலிருந்து ஏப்ரல் 20 வரைக்கும் அறுபத்தெட்டு ஷிப்ட். அறுபத்தெட்டும் ஃபர்னஸில்தான். டிஸ்பாட்ச்சில் ஒரு நாள்கூட இல்லை. ரோனி லீவே போடவில்லை. அவன் பெயரை ஏன் இழுத்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

டாக்டர் கொடுத்த கடிதத்தை சூப்பர்வைசர் வாசுவிடம் கொடுக்கத்தான் எடுத்துக்கொண்டு போனேன். டிபன் பையில் வைத்திருந்தேன். அன்றைக்குக் காலையில் டீ குடிக்கும்போது எல்லோரும் ஒருவனை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அவனுக்கும் பிள்ளை இல்லை. "இன்னாடா, மோல்டு சரியில்லியா, மெட்டல் சரியில்லியா?" என்று கேட்டார்கள். அவனும் சிரித்தான். நானும் சிரித்தேன் எலைன். அப்புறம் எப்படி அந்தக் கடிதத்தை எடுத்து நீட்டுவது? நாளைக்குக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். ஒரு வாரம் போனது. வீட்டில் ஏற்கெனவே மாற்றிவிட்டார்கள் என்று சொல்லிவிட்டேன். பொய்யை மாற்றிச் சொல்வதைவிட ஃபர்னஸில் நிற்பது எனக்குச் சுலபமாக இருந்தது.

கடிதம் இப்போதும் பையில்தான் இருக்கிறது. எண்ணெய் பட்டு எழுத்தெல்லாம் மறுபக்கம் தெரிகிறது.

ஏப்ரல் 22ஆம் தேதி கிளினிக்கில் நர்ஸ் என் பெயர் எழுதிய டப்பாவைக் கையில் கொடுத்தபோது, சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். நீ உள்ளே மயக்கத்தில் இருந்தாய். ஊசி போட்டுப் போட்டு உன் வயிறு நீலமாக இருந்ததைக் காலையில்தான் பார்த்தேன். இப்போது சொன்னால் எல்லாம் வீணாகுமே என்று நினைத்தேன். கெட்டுப்போயிருந்தால் மைக்ராஸ்கோப்பில் அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். "நல்லதாக ஒன்று கிடைத்தது" என்று அவர்கள் சொன்னபோது நான் பாத்ரூமில் போய் முழங்காலில் நின்றேன். நீ எழுதியதைப் படித்த பிறகுதான் தெரிகிறது, அவர்களாலும் பார்க்க முடியாது என்று.

அம்மாவிடம் நேற்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அடுப்பை அணைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்கள். இன்றைக்கும் அடுப்பைப் பற்றவைக்கவில்லை.

நான் என்ன செய்ய வேண்டும் என்று சொல். எது சொன்னாலும் செய்கிறேன்.

டைட்டஸ்


ஹெப்பால்
6 ஜூலை 2024

டைட்டஸ்,

அறுபத்தெட்டு என்ற எண்ணைப் பார்த்ததும் கடிதத்தை மடித்துவிட்டேன். மீதியை இரண்டு நாள் கழித்துத்தான் படித்தேன்.

ஜூலை 2ஆம் தேதி பன்னிரண்டு வார ஸ்கேன். தனியாகப் போனேன். எல்லோர் பக்கத்திலும் யாராவது இருந்தார்கள். "கூட யாரும் வரலையா?" என்று கேட்ட பெண்ணிடம், வீட்டுக்காரருக்கு ஷிப்ட் என்றேன். திரையில் தலை, கை, கால் எல்லாம் தெரிந்தன. கழுத்துக்குப் பின்னால் அளந்தார்கள். அளவு சரியாக இருக்கிறது என்றார் டாக்டர். நான் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், உங்கள் ஷிப்ட் கணக்கு உட்பட. அவர் என் ரத்தத்திலேயே ஒரு பரிசோதனை செய்யலாம் என்றார். பெரிய குறைகள் சிலவற்றை அதில் கண்டுபிடிக்கலாம், எல்லாவற்றையும் முடியாது என்றார். ரத்தம் கொடுத்திருக்கிறேன். "இருபது வாரம் வரைக்கும் யோசிக்க நேரம் இருக்கு" என்று அவர் மெதுவாகச் சொன்னார். எதை யோசிக்க என்று நான் கேட்கவில்லை.

வியாழக்கிழமை நான் வேலை முடிந்து வரும்போது பி.ஜி. வாசலில் அத்தை உட்கார்ந்திருந்தார்கள். காலை ரயிலில் ஏறி, கண்டோன்மென்டில் இறங்கி, இரண்டு பஸ் மாறி, விசாரித்து விசாரித்து வந்திருக்கிறார்கள். உங்களிடம் சொன்னார்களா? சொல்லியிருக்க மாட்டார்கள். என்னைத் திட்ட வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். மேலே என் ரூமுக்கு வந்து, கட்டிலில் உட்கார்ந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு பேசினார்கள். அவர்கள் சொன்னபடியே எழுதுகிறேன்.

"எனக்கும் மூணு போச்சுமா. டைட்டஸுக்கு முன்னால ரெண்டு, பின்னால ஒண்ணு. அப்பாலதான் ஷோபா. ரெண்டு, மூணு மாசத்துலயே போயிடும். மூணாவது மட்டும் ஏழு மாசம் வந்துச்சு. மூச்சே இல்ல. உங்க மாமா துண்டுல சுத்தி எடுத்துக்கினு போனாரு. எங்க வெச்சாருன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. என் மாமியா என்னை வயிறு சரியில்லாதவன்னு லைன் பூரா சொல்லினு இருந்தாங்க. உங்க மாமா ஷிப்ட் முடிச்சு வந்தா ஒடம்பு அனலா கீறும். அதனாலதானான்னு நான் கேக்க வரல. நாப்பது வருசமா எம்மேலதான் தப்புன்னு நெனச்சினு இருந்தேன். வேற எதுனா காரணமா இருக்கலாம்னு நேத்துதான் மொதல் தடவை எனக்குத் தோணுச்சு."

அதனாலா என்று என்னைப் பார்த்துக் கேட்கவில்லை என்றாலும், அவர்கள் கண் கேட்டது. நான் தெரியாது என்றேன். அது உண்மை. இத்தனை வருடம் கழித்து யாராலும் சொல்ல முடியாது. சூடாகவும் இருக்கலாம், ரத்தம் இல்லாததாலும் இருக்கலாம், எதுவாகவும் இருக்கலாம். ஆனால் அவர்கள்மேல் தப்பு என்று எந்த டாக்டரும் சொல்லியிருக்க மாட்டார் என்று சொன்னேன். அத்தை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்கள்.

கிளம்பும்போது, "நீ வா, வராதே, அது உன் இஷ்டம். எம் புள்ள செஞ்சது தப்பு. ஆனா தனியா பயந்துக்கினு இருக்காதம்மா, நான் இருந்தேன், அது வேணாம்" என்றார்கள்.

உங்கள் அப்பாவுக்குப் பிள்ளை பிறக்கவில்லையா என்று கேட்டீர்களே. எத்தனை பிறக்கவில்லை என்று உங்களுக்கே தெரிந்திருக்கவில்லை.

எலைன்


சாம்பியன் ரீப்ஸ்
13 ஜூலை 2024

எலைன்,

அம்மா அன்றைக்கு ஷோபா வீட்டுக்குப் போவதாகத்தான் சொல்லிவிட்டுப் போனார்கள். உன் கடிதத்தை அவர்கள் முன்னால் வைத்துப் படிக்க முடியவில்லை. வேலைக்குப் போகிற வழியில் ஸ்டேஷனில் உட்கார்ந்து படித்தேன். என் ரயில் போய்விட்டது.

எனக்கு நாற்பத்தொரு வயது. அம்மாவுக்கு இப்படி ஒன்று நடந்தது என்று யாருமே சொன்னதில்லை. அப்பா ஈஸ்டருக்கு முன்னால் கல்லறை சுத்தம் செய்யப் போகும்போது தாத்தா கல்லறையைத் தாண்டி மதில் ஓரமாகப் போய் நிற்பார். பீடி பிடிக்கப் போகிறார் என்று நாங்கள் நினைப்போம். நேற்று நானும் அங்கே போய் நின்று பார்த்தேன். புல்தான் இருக்கிறது. அம்மாவிடம் சொல்லலாமா வேண்டாமா என்று தெரியவில்லை.

திங்கட்கிழமை கடிதத்தை வாசுவிடம் கொடுத்துவிட்டேன். எல்லோரும் டீ குடிக்கும்போதே கொடுத்தேன். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். தேதியைப் பார்த்துவிட்டு, "ஜனவரி லெட்டரை ஜூலைல குடுக்கறே?" என்றார். "பயமா இருந்துச்சு சார்" என்றேன். யாரோ பின்னால் சிரித்தார்கள். வாசு திரும்பிப் பார்த்ததும் நின்றுவிட்டது. "எனக்கு ரெண்டாவது பொறக்க ஏழு வருசம் ஆச்சு. இதுக்கா பயந்தே?" என்றார். அவ்வளவுதான். மறுநாளே டிஸ்பாட்ச். இந்த இரண்டு நிமிஷத்துக்கு பயந்துதான் அறுபத்தெட்டு நாள் நின்றேன்.

இப்போது நிஜமாகவே பெட்டி எண்ணுகிறேன். இனி எண்ணி என்ன பயன் என்று தெரியும். இருந்தாலும் உன்னிடம் சொன்னது பொய்யாக இருக்கக்கூடாது.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததா? அதை மட்டும் போனில் ஒரு வரி அனுப்பு. தபால் வரும்வரை என்னால் தாங்க முடியாது.

டைட்டஸ்


ஹெப்பால்
11 ஆகஸ்ட் 2024

டைட்டஸ்,

அன்றைக்கு போனில் "குறை எதுவும் இல்லை" என்று ஒரு வரி அனுப்பினேன். நீங்கள் உடனே தேங்க் காட் என்று பத்து முறை அனுப்பியிருந்தீர்கள். நான் பதில் போடாததற்குக் காரணம், எனக்கு அந்த நிம்மதி வரவில்லை. அந்தப் பரிசோதனை பார்ப்பது சிலதைத்தான். பார்க்காததைப் பற்றித்தான் நான் நாள் முழுக்க நினைக்கிறேன்.

லேபில் ஒன்று கேட்டேன். செய்யக்கூடாத காரியம் என்று எனக்குத் தெரியும். எங்கள் ஆராய்ச்சியில் சூடுபட்ட ஆண் எலியின் கருவைப் பெண் எலிக்குள் வைத்து, பத்தாம் நாளே அதை அறுத்து, எத்தனை வளர்கின்றன, எத்தனை நின்றுவிட்டன என்று எண்ணிவிடுவோம். பிறக்க விடுவதில்லை. ஐந்து எலிகளை மட்டும் பிரசவிக்க விடலாமா என்று லதா மேடத்திடம் கேட்டேன்.

மேடம் என் வயிற்றைப் பார்த்தார். இப்போது கொஞ்சம் தெரிகிறது. "எதுக்கு எலைன்?" என்றார்.

நான் சொன்னேன். எல்லாவற்றையும்.

அவர் நாற்காலியை இழுத்து என்னை உட்காரவைத்தார். அப்புறம், "பர்மிஷன் வாங்கணும். வாங்கறேன், ஆராய்ச்சிக்கும் அது தேவைதான். ஆனா அந்தக் கூண்டை நீ தொடக் கூடாது. வேற ஆள் பார்ப்பாங்க" என்றார்.

அனுமதி வந்துவிட்டது. போன வாரம் வைத்தார்கள். எலிக்குப் பத்தொன்பது, இருபது நாளில் பிரசவம். அந்த அறைக்கு நான் போவதில்லை. ஆனால் தாழ்வாரத்தில் நடக்கும்போது அந்தக் கதவைத் தாண்ட முடியாமல் நின்றுவிடுகிறேன்.

28ஆம் தேதி இருபது வார ஸ்கேன்.

எலைன்


சாம்பியன் ரீப்ஸ்
29 ஆகஸ்ட் 2024

எலைன்,

கூப்பிடாமல் வரக்கூடாது என்று தெரியும். நேற்று வந்தேன். ஸ்கேன் சென்டருக்கு எதிரே ஜூஸ் கடையில் ஒன்பது மணியிலிருந்து நின்றேன். நீ ஆட்டோவில் வந்து இறங்கியதைப் பார்த்தேன். வயிறு தெரிந்தது. ரோட்டைத் தாண்டி வர வேண்டும் என்று தோன்றியது, கால் வரவில்லை. நீ முகத்தைத் திருப்பிக்கொண்டால் என்ன செய்வது?

பதினொன்றரைக்கு வெளியே வந்தாய். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாய். கையில் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு அதைப் பிரிக்காமலே ரொம்ப நேரம் நின்றாய். அப்புறம் உட்கார்ந்துவிட்டாய், அந்தப் படியில். நான் ரோட்டில் பாதி வந்துவிட்டேன். அதற்குள் ஆட்டோ ஏறிவிட்டாய்.

என்ன சொன்னார்கள் எலைன்? நேற்றிலிருந்து நான் ஒரு வாய் சோறு தின்னவில்லை. அம்மா கேட்டால் நல்லா இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். மறுபடியும் பொய். என்ன சொன்னார்கள்?

டைட்டஸ்


ஹெப்பால்
2 செப்டம்பர் 2024

டைட்டஸ்,

பார்த்தேன். ஆட்டோ கிளம்பும்போது கண்ணாடியில் தெரிந்தீர்கள், நடு ரோட்டில், பஸ்காரன் ஹாரன் அடிக்க அடிக்க நின்றுகொண்டு. நிறுத்துங்கள் என்று வாய் வரைக்கும் வந்தது, சொல்லவில்லை. அதற்காக நான் ஐந்து நாளாக வருத்தப்படுகிறேன்.

குழந்தைக்கு இதயம் நான்கு அறையும் சரி. முதுகெலும்பு சரி. மூளை சரி. சிறுநீரகம் இரண்டும் இருக்கின்றன. ஆனால் இருபது வாரத்துக்கு உண்டான வளர்ச்சி இல்லை. ஒன்றரை வாரம் பின்தங்கியிருக்கிறது. நஞ்சுக்கொடியில் ரத்த ஓட்டம் கொஞ்சம் குறைவு. ஏன் என்று கேட்டேன். பல காரணம் இருக்கலாம், பல சமயம் காரணமே தெரியாது என்றார் டாக்டர். சூட்டாலா என்று கேட்டேன். "இருக்குன்னும் சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாது. நீங்க அந்தக் கேள்வியை விட்டுட்டு அடுத்த ஸ்கேனைப் பாருங்க" என்றார். வைத்துக்கொள்ளப் போகிறீர்களா என்றும் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். உங்களைக் கேட்காமல் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் வெளியே வந்து அந்தப் படியில் உட்கார்ந்தேன்.

எலிகள் பிரசவித்துவிட்டன. ஐந்தில் இரண்டுக்கு ஒன்றுமே இல்லை. மற்ற மூன்றும் நான்கு, மூன்று, இரண்டு என்று போட்டன. சாதாரணமாக எட்டு, பத்து போடும். ஒன்று பிறந்த அன்றே இறந்தது. மீதி எட்டும் எடை குறைவு, ஆனால் பால் குடிக்கின்றன. மேடம் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். "நிக்கறது முன்னாடியே நின்னுபோச்சு எலைன். தாண்டி வந்தது வந்திருக்கு. ஆனா எலியை வெச்சு உனக்கு ஜோசியம் பார்க்காதே. எட்டு எலியை வெச்சு எலிக்கே நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

பார்க்கக் கூடாது என்று சொல்லியும் போய்ப் பார்த்தேன். தோல் சிவந்து, கண் மூடி, ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு கிடந்தன. வயிற்றில் பால் வெள்ளையாகத் தெரிந்தது. அந்த எட்டையும் பிறகு என்ன செய்வோம் என்று என்னிடம் கேட்காதீர்கள். அந்த ஆராய்ச்சியிலிருந்து என்னை மாற்றிவிடும்படி எழுதிக் கொடுத்துவிட்டேன்.

உங்களை மன்னித்துவிட்டேனா என்று தெரியவில்லை. அதை இப்போது என்னால் யோசிக்க முடியாது. ஆனால் அத்தை சொன்னது சரி. இதைத் தனியாகத் தூக்க முடியவில்லை. 18ஆம் தேதி மறுபடி ஸ்கேன், பத்து மணிக்கு. ஜூஸ் கடையில் நிற்காதீர்கள். உள்ளே வாருங்கள்.

எலைன்


பெங்களூர், ஆஸ்பத்திரி இரண்டாவது மாடி
15 டிசம்பர் 2024

எலைன்,

அன்றைக்கு ஸ்கேனுக்கு நான் உள்ளே வந்ததிலிருந்து மூன்று மாதமாக நமக்குக் கடிதம் தேவைப்படவில்லை. இப்போது மறுபடியும் எழுதுகிறேன். அம்மாக்கள் வார்டில் போன் கூடாதாம், ஆண்களையும் விடமாட்டார்களாம். மரியகுழந்தை சிஸ்டர் நல்லவர். கொடுத்தால் கொண்டுபோய்த் தருகிறேன் என்றார்.

வியாழக்கிழமை திடீரென்று ரத்த ஓட்டம் ரொம்பக் குறைந்துவிட்டது, உடனே ஆபரேஷன் என்று சொல்லி ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். என் கையெழுத்து எனக்கே அடையாளம் தெரியவில்லை. அடுத்து ஒரு பெட்டியைத் தள்ளிக்கொண்டு என்னைத் தாண்டி ஓடினார்கள். பெண் குழந்தை, ஒன்றே முக்கால் கிலோ என்று ஓடிக்கொண்டே சொன்னார்கள். அழுகைச் சத்தம் கேட்கவில்லை. நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். கேட்கவே இல்லை.

மூன்று நாளாக அந்தக் கதவுக்கு வெளியேதான் இருக்கிறேன். கதவு திறக்கும்போதெல்லாம் உள்ளே ஏதோ மிஷின் கத்துகிறது. எது நம்முடைய மிஷின் என்று தெரியவில்லை. ஒவ்வொரு தடவையும் நம்முடையதுதான் என்று நினைத்துக்கொள்கிறேன். நேற்று ஒரு அப்பாவை உள்ளே கூப்பிட்டார்கள். அவர் வெளியே வரும்போது முகத்தைப் பார்க்க முடியாமல் நான் படியிறங்கிவிட்டேன்.

அம்மாவும் கீழேதான் இருக்கிறார்கள். வீட்டுக்குப் போகச் சொன்னால் போகவில்லை. நீ அவளைப் பார்த்தாயா? மூச்சு விடுகிறாளா? எதையும் மறைக்காதே. நான் செய்ததை நீயும் எனக்குச் செய்துவிடாதே.

டைட்டஸ்


அம்மாக்கள் வார்டு
16 டிசம்பர் 2024

டைட்டஸ்,

பார்த்தேன். நேற்று சக்கர நாற்காலியில் கூட்டிக்கொண்டு போனார்கள். மறைக்காமல் எழுதுகிறேன்.

ரொம்பச் சின்னதாக இருக்கிறாள். தொடை என் கட்டைவிரல் அளவுதான். மூக்கில் ஒரு குழாய், காலில் ஒரு ஊசி. முதல் நான்கு நாள் மூச்சுக்கு மிஷின் வைத்திருந்தார்கள். இன்று காலையில் எடுத்துவிட்டார்கள். தானாக விடுகிறாள். நடு நடுவே மறந்துபோகிறாள். அப்போது மிஷின் கத்தும், மரியகுழந்தை சிஸ்டர் வந்து உள்ளங்காலில் சுண்டுவார், உடனே ஞாபகம் வந்தவள்போல் மூச்சை இழுப்பாள். இன்று நான்கு தடவை கத்தியது. மூன்று தடவை சிஸ்டர் சுண்டினார். நாலாவது தடவை, "நீங்களே பண்ணுங்க" என்றார். நான் கையை இழுத்துக்கொண்டேன். "சும்மா பண்ணுங்கம்மா, உங்க பொண்ணுதானே" என்றார். சுண்டினேன். காலை இழுத்துக்கொண்டு, முகத்தைச் சுளித்து, அழுதாள். பூனைக்குட்டி சத்தம்தான். ஆனால் அழுகைதான் அது. நீங்கள் கேட்டுக்கொண்டிருந்தால் கேட்டிருக்கும்.

குறை எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை என்கிறார் டாக்டர். பின்னால் காது பார்க்க வேண்டும், கண் பார்க்க வேண்டும், வருடக்கணக்கில் வளர்ச்சியைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். எது எப்போது தெரியவரும் என்று அவரால் சொல்ல முடியவில்லை. நானும் இனிமேல் கேட்கப்போவதில்லை.

நாளையிலிருந்து நான்கு மணிக்கு ஒரு மணி நேரம் அப்பாக்களை உள்ளே விடுவார்களாம். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். அத்தையிடம் சொல்லுங்கள், உயிரோடு இருக்கிறாள், மூச்சு விடுகிறாள் என்று. இந்த வார்த்தைகளை அப்படியே சொல்லுங்கள்.

பார்த்ததும் பயமாக இருக்கும். எனக்கும் இருக்கிறது, அவள் மார்பு ஏறி இறங்குகிற ஒவ்வொரு தடவையும். நான் கொஞ்ச நேரம் கண்ணை மூட வேண்டும் டைட்டஸ். அந்த நேரத்தில் அவளைப் பார்த்துக்கொண்டு, எனக்குப் பதிலாக பயந்துகொண்டு உட்கார்ந்திருக்க ஓர் ஆள் வேண்டும்.

நாலு மணிக்கு வந்துவிடுங்கள்.

எலைன்